பேசாத கட்டை

அத்தியாயம் 14

போட்டாள். போட்டே விட்டாள்.

போன வாரம் நாம் சின்னுவை விட்டுவிட்டு வந்தது பல் டாக்டரின் கிளினிக் வாசலில். மூன்று தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு, அங்கே மாட்டியிருந்த தகரப் பெட்டியின் வாய்க்கு முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றிருந்தாள். 'தைரியமாப் போடச் சொல்லுங்க' என்று எழுதிய வாசகிகளுக்கு நல்ல செய்தி. 'அக்காகாரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்' என்று எழுதியவர்கள், சற்றுப் பொறுங்கள். இன்றைக்குத் தெரிந்துவிடும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வரி. சின்னு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். வயது முப்பத்தாறு. அவளுடைய அக்கா பியானோ டீச்சர். ஊரில் பாதிப் பிள்ளைகளின் விரல்கள் அக்கா அதட்டி அதட்டி நிமிர்ந்தவைதான். அக்காவுக்கு வாத்தியார் வைத்துச் சொல்லிக் கொடுத்தார் அப்பா. சின்னு கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டே கற்றுக்கொண்டாள். சின்ன வயதில் ஒரு நாள், "உனக்குத் தாள் திருப்பறதுதான் நல்லா வருது" என்று அக்கா சொன்னாள். சொன்னவள் அன்றைக்கே மறந்திருப்பாள். கேட்டவள் மறக்கவில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு, டாக்டரின் கிளினிக்கில் ஒன்பது பேர் கூடுவார்கள். எல்லாரும் பியானோக்காரர்கள், எல்லாரும் சொந்தமாக மெட்டுக் கட்டுகிறவர்கள், நம் அக்கா ஒருத்தியைத் தவிர. அவள் வாசிப்பாள், எழுத மாட்டாள். பத்தாவதாகச் சின்னு போவாள், அக்காவுக்குத் தாள் திருப்ப. ஏழு வருடமாக இதுதான் ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இன்னிக்கு ரெண்டு தடவை பல் தேய்ச்சிட்ட," என்றார் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். தெருவே அவரை லிஃப்டு என்றுதான் கூப்பிடும், நாமும் அப்படியே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். "டாக்டர் இன்னிக்குப் பாட்டைத்தான் பார்ப்பார். பல்லைப் பார்க்க மாட்டார்."

"சும்மா இருங்க. எனக்குப் பயமா இருக்கு."

"பேர் போடாமத்தானே போட்டிருக்க? யார் எழுதினதுன்னே தெரியாது. அப்புறம் என்ன பயம்?"

"அதான் பயமே. தங்கச்சி எழுதினதுன்னு தெரிஞ்சா பாவம் பார்த்து நல்லா இருக்குன்னுடுவாங்க. தெரியலைன்னா நெஜத்தைச் சொல்லுவாங்க."

லிஃப்டு திரும்பினார். சுவரோரம் நின்ற பியானோவைப் பார்த்தார். அப்பா வாங்கிப் போட்ட பழைய பியானோ. நடுவிலிருந்து கொஞ்சம் வலது பக்கம் தள்ளி, மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில், முதல் கட்டை மட்டும் பேசாது. அமுக்கினால் 'டொக்' என்று ஒரு மரச் சத்தம், அவ்வளவுதான். அக்கா கல்யாணமாகிப் போன வாரத்திலிருந்து இப்படி. உள்ளே கம்பியைத் தட்டும் சுத்தியல் உடைந்திருக்கிறது, பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று சுருதி சேர்க்க வரும் டியூனர் சொன்னார். சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

"இன்னிக்காவது நான் திறந்து பார்க்கட்டுமா? பன்னிரண்டு மாடி லிஃப்டைத் தூக்கி நிறுத்தறவன், ஒரு கட்டையை நிமிர்த்த மாட்டேனா?"

"கையை வச்சீங்க, தெரியும். பாகம் வரும்னு டியூனர் சொல்லியிருக்கார்."

"ஒன்பது வருஷமா வந்துகிட்டே இருக்கு. நடந்து வருது போல," என்றார் லிஃப்டு.

மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே கிளினிக்கில் எல்லாரும் வந்துவிட்டார்கள். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் பெரிய பியானோ. டாக்டர் வீட்டு வாசலில் நுழையாத பியானோ அது, அதனால் கிளினிக்கில் குடியிருக்கிறது. மாதம் முழுக்க அதன் மேல் பழைய பத்திரிகைகள் கிடக்கும். கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் அதற்கு மரியாதை.

டாக்டர் தகரப் பெட்டியின் பூட்டைத் திறந்தார். இந்தக் கூட்டத்தின் சட்டம் அவர் போட்டது. பெட்டியில் யார் வேண்டுமானாலும் போடலாம், பேர் மட்டும் இருக்கக் கூடாது. குலுக்கி எடுத்தவர் அதை அப்போதே, முதல் பார்வையிலேயே வாசிக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. தன்னுடையதே கையில் வந்தால் திரும்பப் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் சொந்தப் பிள்ளையைக் கொஞ்சாதவர் யார் என்பது டாக்டரின் கட்சி. வாசித்தவர் முதலில் பேசுவார், பிறகு மற்றவர்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகு எழுதியவர் எழுந்து நிற்க வேண்டும். டீ வருவதற்குள் யாரும் எழுந்திருக்கவில்லை என்றால் தாள் ஒரு டிராயருக்குள் போய்விடும், அப்புறம் வெளியே வராது. அந்த டிராயருக்கு 'பிடுங்கின பல்' என்று பேர். உள்ளே பதினொரு பாட்டுகள் கிடக்கின்றன.

முதலில் தபால்காரர் வாசித்தார். அடுத்தது கணக்கு டீச்சர். அவர் வாசித்த மெட்டு டாக்டருடையது என்று இரண்டாவது வரியிலேயே எல்லாருக்கும் தெரிந்துபோனது. டாக்டர் எதை எழுதினாலும் கடைசியில் பல்லில் துளைபோடும் மிஷின் மாதிரி ஒரு இழுப்பு இருக்கும். சிரித்து ஓய்ந்தார்கள்.

மூன்றாவதாக அக்கா கையை விட்டாள். மூன்று தாள்களை எடுத்தாள்.

முதல் தாளின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறத் தீற்றல். லென்ஸ் தேய்க்கும் பொடி. சின்னுவின் கட்டைவிரல்.

எட்டுப் பேர் இருந்தார்களே, அவர்களில் ஒருவர் கைக்குப் போயிருக்கக் கூடாதா? போதாக்குறைக்கு அக்கா பியானோ முன்னால் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைக் கண்ணால் காட்டினாள். தாள் திருப்ப ஆள் வேண்டுமே. தன் பாட்டைத் தன் அக்கா வாசிக்க, தானே பக்கத்தில் உட்கார்ந்து தாள் திருப்ப வேண்டும். சின்னு போய் உட்கார்ந்தாள், வேறு வழி?

அக்கா தொடங்கினாள்.

நம்ப முடியவில்லை சின்னுவுக்கு. வீட்டில் அவள் வாசிக்கும்போது இடக்கை கொஞ்சம் நொண்டும். இங்கே நொண்டவில்லை. அவள் தயங்கித் தயங்கி எழுதிய இடமெல்லாம் அக்காவின் விரலில் தயக்கமில்லாமல் வந்தது. இது நான் எழுதினதா, இவ்வளவு நல்லாவா இருந்தது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. தபால்காரர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். கணக்கு டீச்சர் விரல் விட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டார், அந்த அம்மாள் எண்ணுவதை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

இந்த ஆனந்தத்தில்தான் சின்னு அந்தத் தப்பைச் செய்தாள்.

தாள் திருப்புகிறவர்களுக்கு ஒரே ஒரு வேதம் உண்டு. கண் தாளில் இருக்க வேண்டும், வாசிப்பவர் தலையை அசைத்தபின் திருப்ப வேண்டும். ஏழு வருடத்தில் சின்னு ஒரு முறைகூடத் தவறியதில்லை. ஆனால் இன்றைக்கு அவள் தாளையே பார்க்கவில்லை. மனப்பாடமான மெட்டு, மனது முன்னால் ஓடிவிட்டது. இரண்டாம் பக்கத்தின் கடைசி நாலு சுரம் பாக்கி இருக்கும்போதே கை எழுந்து தாளைத் திருப்பிவிட்டது.

அக்காவின் கண்ணுக்கு முன்னாலிருந்து அந்த நாலு சுரமும் காணாமல் போயின.

நிறுத்தக் கூடாது என்பது சட்டம். அக்கா நிறுத்தவில்லை. மெட்டு படிப்படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. பார்க்காமலே அடுத்த படி எதுவோ அதில் காலை வைப்பதுபோல விரலை வைத்தாள்.

அது கறுப்புக் கட்டை. மூன்று சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டை.

சின்னு எழுதியது அது இல்லை. அவள் அந்தப் படியைத் தாண்டி ஒரே எட்டில் மேலே போயிருந்தாள். அங்கே மட்டுமில்லை, மூன்று பக்கத்திலும் அந்தக் கட்டை ஒரு இடத்தில்கூட வராது. வீட்டில் பேசாத கட்டையை வைத்து எப்படி எழுதுவது? ஒன்பது வருடம் அதைத் தாண்டித் தாண்டியே விரல் பழகிப்போயிருந்தது.

அந்தச் சுரம் கூடத்தில் தெளிவாக, இனிமையாக ஒலித்தது. யாரோ ஒருவர் மெல்ல "ஆஹா" என்றார். அக்கா மூன்றாம் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய் முடித்தாள்.

முதலில் பேச வேண்டியவள் அக்கா. அவள் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல எழுத்து," என்றாள் கடைசியில். "ரொம்ப நாளாச்சு இப்படி ஒண்ணு வாசிச்சு. நான் சொல்றது அவ்வளவுதான்."

அக்கா ஒருத்தரையும் லேசில் பாராட்ட மாட்டாள். சின்னுவுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது.

கணக்கு டீச்சரால் உட்கார முடியவில்லை. "ரெண்டாம் பக்கக் கடைசி. கவனிச்சீங்களா யாராவது? அந்த ஒரு சுரத்தை எங்கேயுமே கொடுக்கலை. ஒளிச்சு வச்சு, ஒளிச்சு வச்சு, அங்கே மட்டும் ஒரே ஒரு தடவை. நான் எண்ணிப் பார்த்தேன்."

"எண்ணலைன்னு நினைச்சேனே," என்றார் தபால்காரர்.

"பாதியில விட்டேன், மறுபடி பிடிச்சேன். இது சாதாரண ஆள் வேலை இல்லை."

"எனக்குப் புல்லரிச்சுப் போச்சு," என்றார் டாக்டர். "அந்த ஒரு இடத்துக்காகவே இந்தப் பாட்டை அடுத்த மாசம் நகர மண்டபத்துல வாசிக்கணும். வெளி ஆளுங்க நூறு பேர் வருவாங்க. எழுதினவர் கொஞ்சம் எழுந்திருங்க சார். சாரோ அம்மாவோ, யாராயிருந்தாலும்."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உள்ளறையில் கோப்பைகள் கலகலத்தன. டீ வந்துகொண்டிருந்தது.

சின்னுவின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எழுந்தால் போதும். நகர மண்டபம், நூறு பேர், சாதாரண ஆள் இல்லை என்ற பேர். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் இவர்கள் புல்லரித்தது அவள் எழுதாத ஒரு சுரத்துக்கு. அது அவள் கைதவறித் திருப்பியதால் அக்கா போட்ட சுரம். வாயை மூடிக்கொண்டு எழுந்தால் அது திருட்டு. உண்மையைச் சொன்னால், அந்த அழகான இடமே தன்னுடையது இல்லை என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். பேசாமல் உட்கார்ந்துவிட்டால் பன்னிரண்டாவது பல்.

டீத் தட்டோடு நர்ஸ் வாசலில் தெரிந்தாள். டாக்டர் டிராயரின் பிடியில் கையை வைத்தார்.

"நான்தான் எழுதினேன்."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சின்னு எழுந்த வேகம் அப்படி. கூடத்தில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"ஆனா நீங்க சொல்ற அந்தச் சுரம் என்னோடது இல்லை," என்றாள். "நான் தாளை முன்னாடியே திருப்பிட்டேன். அக்கா பார்க்காம வாசிச்சாங்க. தாள்ல அது இல்லை. அந்த இடத்துல தாண்டணும்."

டீத் தட்டை நோக்கி நீண்ட கணக்கு டீச்சரின் கை பாதியில் நின்றது. அக்கா திரும்பித் தங்கையைப் பார்த்தாள். பிறகு இரண்டாம் பக்கத்தைப் பின்னால் புரட்டி, கடைசி நாலு சுரத்தைப் பார்த்தாள்.

"இங்கே அந்தச் சுரம் வந்தா நல்லாத்தானே இருக்கு?" என்றாள் அக்கா. "எல்லாருக்கும் பிடிச்சிருக்கே. சேர்த்துக்கலாமே, சின்னு."

இது அக்கா பிள்ளைகளிடம் பேசும் குரல். இந்தக் குரலுக்குச் சின்னு வாழ்நாளில் ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை.

"நல்லா இருக்கு, அக்கா. ஆனா இது நான் எழுதின மெட்டு இல்லை," என்றாள். "எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அது வந்தா மெட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்துடுது. என் மெட்டு இன்னும் வீட்டுக்கு வரலை. நீங்க ஒரு தடவை எழுதினபடியே வாசிங்க. அப்புறம் சொல்லுங்க."

அக்கா பியானோ பக்கம் திரும்பினாள். இரண்டாம் பக்கத்தின் நடுவிலிருந்து பிடித்தாள். மெட்டு ஏறியது, ஏறியது, அந்தப் படி வரும் என்று எல்லார் காதும் காத்திருந்த நேரத்தில், அதை விட்டுவிட்டு ஒரே எட்டாக மேலே போனது. காலடியில் ஒரு படி காணாமல் போனாற்போல் இருந்தது. விழுந்துவிடுமோ என்று பார்த்தால் விழவில்லை.

தபால்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "இன்னொரு தடவை, டீச்சர்."

இன்னொரு தடவை வாசித்தாள். அப்புறம் பிடித்துக்கொண்டது சண்டை. அந்தச் சுரம் வேண்டும் என்று டாக்டர் கட்சி, வேண்டவே வேண்டாம் என்று தபால்காரர் கட்சி. கணக்கு டீச்சர் இரண்டு கட்சியிலும் மாறி மாறி இருந்தார். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், டீ ஆறிப்போனது. தன் நாலு சுரத்துக்காகப் பெரிய மனிதர்கள் இப்படி அடித்துக்கொள்வதைப் பார்த்த சின்னுவுக்குத் தலைகால் புரியவில்லை. விழுந்த நாற்காலியை நிமிர்த்தவே மறந்துவிட்டாள்.

"எழுதினபடிதான்," என்றாள் அக்கா. எல்லாரும் அடங்கினார்கள். "அவ பாட்டு. அவ சொன்னாத் தாண்டறதுதான்."

"அதெல்லாம் சரிம்மா," என்றார் டாக்டர், சின்னுவிடம். "அந்தச் சுரத்தை மூணு பக்கத்துலயும் தொடவே இல்லையே, அதுக்கு என்ன காரணம்? ஏதாவது தத்துவமா?"

"எங்க வீட்டுல அது பேசாதுங்க," என்றாள் சின்னு. "சுத்தியல் உடைஞ்சு ஒன்பது வருஷமாச்சு."

கூடம் கொல்லென்று சிரித்தது. கணக்கு டீச்சருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய்த் தன் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். நல்ல வெயில். சின்னுவுக்கு உள்ளே ஆடிக்கொண்டிருந்த ஆட்டமெல்லாம் மெல்ல அடங்கி, அக்காவுக்குக் கோபமோ என்ற பழைய பயம் எட்டிப் பார்த்தது.

"சபையில உங்களை எதிர்த்துப் பேசிட்டேன்," என்றாள்.

"பேசினே. நல்லாத்தான் பேசினே." அக்கா பைக்குள் கையை விட்டாள். "அந்தக் கட்டை எப்படி உடைஞ்சுதுன்னு உனக்குத் தெரியுமாடி?"

"ஈரம்னு டியூனர் சொன்னார்."

"ஈரமும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் உடைச்சேன்."

பழுப்பு உறை ஒன்று வெளியே வந்தது. ஓரமெல்லாம் நைந்திருந்தது. பைக்குள்ளேயே வருடக்கணக்கில் கிடந்த உறை அது, பார்த்தாலே தெரிந்தது.

"கல்யாணத்துக்கு முந்தின ரெண்டு மாசம், நீ கடைக்குப் போனதும் நான் இதைத்தான் வாசிப்பேன். நான் எழுதினது. முழுக்க முழுக்க அந்தக் கட்டையைச் சுத்தித்தான் வரும். கடைசி நாள் இனிமே இப்படித் தனியா வாசிக்கக் கிடைக்காதுன்னு ஆத்திரத்துல ஓங்கி அடிச்சேன். உள்ளே படக்குன்னுது. மூடியைச் சாத்திட்டு வந்துட்டேன்."

சின்னு உறையையே பார்த்தாள். "பெட்டியில ஏன் போடலை? ஏழு வருஷமா வர்றீங்களே."

"எல்லார் எழுத்தையும் இது சரியில்லை அது சரியில்லைன்னு சொல்றவ. என்னோடது நல்லா இல்லைன்னு ஒருத்தர் சொல்லிட்டா?" அக்கா உறையைத் தங்கையின் கையில் திணித்தாள். "உனக்குப் பயமா இல்லையா இன்னிக்கு?"

"உயிர் போயிடுச்சு."

"போயும் எழுந்து நின்னியே. அதைப் பார்த்துட்டு நான் உட்கார்ந்திருக்க முடியுமா?" பஸ் வருவது தெரிந்தது. அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டாள். "குலுக்கல் எல்லாம் வேண்டாம். அடுத்த மாசம் இதை நீதான் வாசிக்கணும். நான் பக்கத்துல உட்கார்ந்து தாள் திருப்பறேன்."

பஸ்ஸில் சின்னு எப்படி வந்தாள், எங்கே இறங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் பியானோ முன்னால் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். அக்காவின் கையெழுத்து, அப்போதே எவ்வளவு திருத்தம். முதல் வரியில் முதல் சுரம்.

அமுக்கினாள். டொக்.

இரண்டாவது சுரம் பேசியது. மூன்றாவது, டொக். வரி முழுக்க டொக், டொக், டொக். ஒன்பது வருடமாக அக்கா சொல்லாமல் வைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு கட்டைக்குள் இருந்தது.

டியூனருக்குப் போன் போட்டாள். "பாகம் வந்துகிட்டே இருக்கும்மா," என்றார் அவர். போனை வைத்தாள்.

லிஃப்டு அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. உள்ளே போய்த் தன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பியானோவுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு தடவை இருமினார்.

சின்னு பியானோவைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டாள்.

"திறங்க," என்றாள்.